மூடிய வால்வும் மூடிய வாயும்

அணுமின் நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு நம் சங்கக் கூட்டங்களில் எழுந்துவிட்டால் அன்றைய நிகழ்ச்சி நிரல் அத்தோடு முடிந்தது. கூடங்குளத்துப் பக்கத்துத் தோழர்கள் ஒரு புறம்; "கரண்டு இல்லாமல் தொழில் ஏது, வேலை ஏது?" என்று கேட்கும் தோழர்கள் மறு புறம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அந்த வழக்கை இங்கே நாம் தீர்க்கப் போவதில்லை. இரு தரப்பாரும் கேட்க மறந்துவிடுகிற வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவசரத்துக்கென்று நிறுத்தி வைத்திருக்கும் பம்புகளைக் குறித்த நாளில் ஓட்டிப் பார்த்து, வால்வுகளைத் திறந்து மூடிப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதுகிறார்களே, அந்த மாமூல் வேலையைச் செய்கிறவர் யார்? 'சரியில்லை' என்று எழுத அவரால் முடிகிறதா? எழுதினால் அவர் வேலை நிலைக்குமா?

இது என்ன பெரிய கேள்வி என்று சிலருக்குத் தோன்றும். மந்திரிகள் வந்து நாட்டுக்கு அர்ப்பணிப்பது அணு உலையை. பம்புக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் அணு உலைக்கு ஒரு குணம் உண்டு. அனல் மின் நிலையத்தில் கரி போடுவதை நிறுத்தினால் அடுப்பு அணைந்துவிடும். அணு உலையை நிறுத்திய மறுகணமும் அதன் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் உள்ளே ஊறிக்கொண்டேயிருக்கும். கூடங்குளத்தின் ஓர் உலை ஏறத்தாழ 1000 மெகாவாட் மின்சாரத்துக்காக 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்தியவுடன் மிஞ்சுவது 200 மெகாவாட் அளவு வெப்பம். மணிக்கணக்கில், நாள்கணக்கில் குறைந்துகொண்டே வரும். ஆனால் அணைந்து போகாது. அந்த வெப்பத்தைத் தண்ணீர் ஓடி எடுத்தே தீரவேண்டும். தண்ணீரை ஓட்டுவது பம்பு. வழி விடுவது வால்வு. இவ்விரண்டும் தவறினால் பேராசிரியர்களும் விஞ்ஞானிகளும் போட்ட கணக்கெல்லாம் வீண்.

அவசரப் பம்பு ஆண்டு முழுவதும் சும்மா நிற்கும் யந்திரம். ஓடுகிற யந்திரம் கெட்டால் சத்தம் காட்டிக் கொடுக்கும், புகை காட்டிக் கொடுக்கும். நிற்கிற யந்திரம் கெட்டால் யாருக்கும் தெரியாது. மாதம் ஒரு முறை சோதித்தால், இடையில் பழுதான பம்பு சராசரியாகப் பதினைந்து நாள் செத்துக் கிடந்த பிறகே கண்ணில் படும். ஆண்டுக்கு ஒரு முறை என்றால் ஆறு மாதம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஆகவேதான் ஓட்டிப் பார்க்கிறார்கள்: எவ்வளவு அழுத்தம், எவ்வளவு தண்ணீர், அதிர்வு எவ்வளவு, பேரிங் சூடாகிறதா என்று. வால்வு என்றால், திறக்க எத்தனை விநாடி, மூட எத்தனை விநாடி, மூடிய பின் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். போன தடவை எட்டு விநாடியில் திறந்தது இந்தத் தடவை பன்னிரண்டு விநாடி எடுத்தால், உள்ளே ஏதோ பிடிக்கிறது என்று பொருள். சின்ன எண்கள்தான். அந்தச் சின்ன எண்ணை உள்ளபடி எழுதுகிற கை வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. சோதனைக்காகப் பம்பின் வழியைச் சற்று நேரம் மாற்றவேண்டும். சில வால்வுகளை மூடவேண்டும். சோதனை முடிந்ததும் அவற்றை மறுபடி திறந்து வைக்கவேண்டும். திறக்காமல் விட்டால், பாதுகாப்புக்காகச் செய்த சோதனையே பாதுகாப்புக்கு வேட்டு வைத்துவிடும். இது கற்பனையல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்தது. 1979 மார்ச் 28, விடியற்காலை 4 மணி. இரண்டாவது உலையின் வழக்கமான நீர் வரத்து நின்றது. அவசரப் பம்புகள் மூன்றும் தாமாகவே ஓடத் தொடங்கின. ஆனால் நீராவிக் கலன்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. வழியில் இருந்த இரண்டு வால்வுகளும் மூடிக் கிடந்தன. இரண்டு நாளைக்கு முன்பு, 26ஆம் தேதிதான் அந்தப் பம்புகளுக்கு மாமூல் சோதனை நடந்திருந்தது! கட்டுப்பாட்டு அறையில் இரண்டு வால்வுகளுக்கும் விளக்குகள் இருந்தன. அவற்றில் ஒன்றை ஒரு மஞ்சள் பராமரிப்புச் சீட்டு மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வால்வுகள் மூடியிருப்பதைக் கண்டுபிடிக்க எட்டு நிமிடம் ஆனது.

நியாயமாகச் சொல்லவேண்டும்: அந்த எட்டு நிமிடத்தால் மட்டும் அங்கே உலை உருகவில்லை. திறந்த வேறொரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. அது மூடிவிட்டதாகவே பலகையிலிருந்த விளக்கு காட்டியது. ஏனென்றால் அந்த விளக்கு காட்டியது 'மூடு' என்ற உத்தரவு போயிற்றா என்பதைத்தான். வால்வு உண்மையில் மூடிற்றா என்பதையல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வழியாகக் குளிர்நீர் வெளியேறியது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது. ஜனாதிபதி கார்ட்டர் அமைத்த கெமெனி குழு ஆராய்ந்து பார்த்தது. முதலில் சொன்ன அந்த இரண்டு வால்வுகளும் ஏன் மூடிக்கிடந்தன என்பதை அந்தக் குழுவாலும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்றை அது தெளிவாகச் சொன்னது: ஷிப்டில் இருந்த ஆபரேட்டர்கள் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது, அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியிலும், நிர்வாகத்திலும், கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பிலும் கோளாறு இருந்தது. அந்த வாசகத்தை நம் நாட்டு நிர்வாகங்கள் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றோருக்கு இது புதிய கதையல்ல. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாலசோர் அருகே பஹானகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வரவேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனில் நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டார்கள். மெயின் லைனுக்குச் சிக்னல் பச்சை. பாயிண்டு லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. சிக்னல் இணைப்பில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றிய வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியதாக அரசே மாநிலங்களவையில் சொன்னது. வேலை செய்தது பாதுகாப்புக்காக. வேலை முடிந்த பின் எல்லாம் பழைய நிலையில் இருக்கின்றனவா என்று முழுமையாகப் பார்த்திருந்தால் அன்றே அகப்பட்டிருக்கும். விளக்கு ஒன்று சொல்ல, தண்டவாளம் வேறு சொன்னது. மூன்று மைல் தீவிலும் அதே கதைதான்.

சோதனை என்ற பெயரில் நடப்பதெல்லாம் சோதனையாகிவிடாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஒகையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற நிலையம். 1985 ஜூன் 9, நள்ளிரவு தாண்டிய நேரம். வழக்கமான நீர் வரத்து நின்றது. பதற்றத்தில் ஒரு ஆபரேட்டர் பக்கத்துப் பொத்தான்களை அழுத்திவிட, அவசர நீரின் வால்வுகள் மூடிக்கொண்டன. தவறைத் திருத்தி மறுபடி திறக்கச் சொன்னபோது அவை திறக்கவில்லை. அவசரப் பம்புகளும் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று தாமே நின்றுபோயின. ஊழியர்கள் சாவிக்கொத்தோடு படியிறங்கி ஓடி, பூட்டிய அறைகளைத் திறந்து, வால்வுச் சக்கரங்களைக் கையால் திருப்பித்தான் தண்ணீர் விட்டார்கள். சுமார் 12 நிமிடம் உலை தண்ணீர் வரத்தின்றி இருந்தது.

வால்வுகள் ஏன் திறக்கவில்லை? வால்வைத் திருப்பும் மோட்டாருக்கு ஒரு சுவிட்சு உண்டு. பாரம் மிஞ்சினால் மோட்டார் எரிந்து போகாமல் நிறுத்திவிடும். மூடிய வால்வை இருப்பிடத்திலிருந்து கிளப்பும்போது பாரம் அதிகமாகத்தான் இருக்கும். ஆகவே அந்த முதல் சிறிது தூரத்துக்கு மட்டும் சுவிட்சு குறுக்கிடாதபடி ஓர் ஏற்பாடு வைத்திருப்பார்கள். அந்தத் தூரத்தைத் தேவைக்குக் குறைவாக வைத்துவிட்டார்கள். மாமூல் சோதனையில் இது தெரியவில்லை, ஏனென்றால் சோதனையின்போது வால்வின் இரு பக்கமும் அழுத்தம் ஒன்றுபோல இருந்தது, சுலபமாகத் திறந்தது. நிஜமான ஆபத்தில் ஒரு பக்கம் அழுத்தம் முட்டிக்கொண்டு நின்றபோது மோட்டார் கையை விரித்துவிட்டது. நின்ற வண்டியில் பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, மலையிறக்கத்துக்கு வண்டியை அனுப்புவது போன்ற சோதனை இது. ரிஜிஸ்டரில் மட்டும் மாதாமாதம் 'சரி', 'சரி', 'சரி'. இதன் பிறகுதான், முடிந்த வரையில் நிஜமான அழுத்தத்தோடு வால்வுகளைச் சோதிக்கவேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 1985இலும், இன்னும் விரிவாக 1989இலும் நிலையங்களுக்கு எழுதியது.

இவையெல்லாம் அமெரிக்கக் கதை, நம் ஊரில் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கக் கதை நமக்குத் தெரிவதற்கே ஒரு காரணம் இருக்கிறது. அங்கே இத்தகைய நிகழ்ச்சி அறிக்கைகளை எந்தக் குடிமகனும் எடுத்து வாசிக்கலாம். நம் கதை நமக்குத் தெரிய வருவதற்கோ, யாராவது ஒரு தொழிலாளி துணிந்து வாய் திறக்கவேண்டியிருக்கிறது.

கல்பாக்கத்தில் 2003 ஜனவரி 21 அன்று நடந்ததைப் பார்ப்போம். அது மின் நிலையம் அல்ல. எரிந்து முடிந்த அணு எரிபொருளை மறுசுத்திகரிப்புச் செய்யும் ஆலை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. குறைந்த கதிர்வீச்சுக் கழிவிலிருந்து மாதிரி எடுத்துவரத் தொழிலாளர்களை அனுப்பினார்கள். எங்கோ ஒரு வால்வு பழுதாகி, கடுமையான கதிர்வீச்சுள்ள கழிவு அந்தத் தொட்டிக்குள் வந்து கலந்திருந்தது. அவர்களுக்கு அது தெரியாது. தெரிவிக்க வேண்டிய கதிர்வீச்சு மானியும் அந்த இடத்தில் இல்லை. வால்வு கெட்டதைக் காட்டும் ஏற்பாடும் இல்லை. எடுத்துவந்த மாதிரியைச் சோதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அதற்குள் ஆறு பேர் ஆண்டு வரம்பைப் போலப் பல மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளாகிவிட்டார்கள். இந்திய அணுசக்தி வரலாற்றில் கதிர்வீச்சு பட்ட விபத்துகளில் இதுவே மிக மோசமானது என்று பின்னர் அந்த மையத்தின் தலைமையே ஒப்புக்கொண்டது.

பின்னர் என்றால், ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து! இடையில் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. விபத்து நடந்த சில நாட்களுக்குள்ளேயே அங்குள்ள ஊழியர் சங்கம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது முதலாகப் பத்துக் கோரிக்கைகள் வைத்தது. முந்தைய ஈராண்டுகளில் நடந்த வேறு இரண்டு சம்பவங்களையும் நினைவூட்டியது. பதில் இல்லை. தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பதில் வந்தது: முன்னணியில் நின்றவர்களுக்கு இடமாற்றம், மற்றவர்களுக்கு மிரட்டல். வேறு வழியின்றிச் செய்தி பத்திரிகைக்குப் போனபோது, தொழிலாளர்களின் அளவு மீறிய உற்சாகமும் தவறான கணிப்பும்தான் காரணம் என்று நிர்வாகம் சொன்னது. வால்வு கெட்டது வால்வின் குற்றமில்லை. மானி வைக்காதது வைக்காதவர் குற்றமில்லை. மாதிரி எடுக்கப் போனவன் குற்றம்! இன்னொன்றும் சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டில் ஓர் அரசு உத்தரவால், பாபா மையத்தின் நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. வெளியார் கண் அங்கே இல்லை; மூன்றே ஆண்டுகளில் இந்த விபத்து.

நரோராவில் நடந்தது வேறு மாதிரி. உத்தரப்பிரதேசத்தில் 1993 மார்ச் 31 அதிகாலையில் டர்பைன் பிளேடுகள் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. பிரதான கேபிள்களும் அவசரக் கேபிள்களும் போதிய தடுப்பின்றி இருந்ததால் இரண்டும் சேர்ந்தே எரிந்தன. நிலையம் 17 மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தது. புகை சூழ்ந்து கட்டுப்பாட்டு அறையை விட்டே வெளியேறவேண்டிய நிலை. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். சில ஊழியர்கள் கையில் டார்ச் விளக்கோடு இருட்டில் உலைக் கட்டிடத்தின் மேலே ஏறி, போரான் கரைசலைத் திறந்து விட்டார்கள், உலை மறுபடி உயிர் பெற்றுவிடாதபடி. அந்த டீசல் பம்பு அன்று கிளம்பியதால் நாடு தப்பியது. எந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இருட்டிலும் தெரிந்த கைகள் அங்கே இருந்ததாலும் தப்பியது. அந்தக் கைகளுக்கு நாடு என்ன மரியாதை செய்தது என்று கேட்டால், அவர்கள் பெயர்களை நம்மில் யாராலும் சொல்ல முடியாது.

நேற்று வந்து நாளை போகிற காண்டிராக்ட் தொழிலாளியிடம் இதை எதிர்பார்க்க முடியுமா? அவரிடம் திறமை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நம்மவர்களில் பலர் அந்த வேலையில் இருக்கிறார்கள். நிரந்தர ஊழியரை விடக் கடினமான வேலையை அவர்களே செய்கிறார்கள். 2014 மே மாதம் கூடங்குளத்தில் வால்வு பராமரிப்பு வேலையின்போது வெந்நீர் பாய்ந்து ஆறு பேர் வெந்துபோனார்கள். அவர்களில் காண்டிராக்ட் தொழிலாளரும் உண்டு. ஆபத்து வரும்போது நிரந்தரம், காண்டிராக்ட் என்று பார்த்து வருவதில்லை. ஆனால் 'இந்தப் பம்பு அதிர்கிறது, ஓட்டக்கூடாது' என்று சொல்லவேண்டிய நேரத்தில் அந்த வித்தியாசம் வந்துவிடுகிறது. நிரந்தர ஊழியருக்குக் குறைந்தபட்சம் ஒரு சங்கம், ஒரு சார்ஜ் ஷீட், ஒரு விசாரணை உண்டு. காண்டிராக்ட் தொழிலாளிக்கு 'நாளையிலிருந்து வராதே' என்ற மூன்றாவது மனிதரின் ஒரு வார்த்தை போதும். நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் காண்டிராக்ட் முறையைத் தடைசெய்ய அரசுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டமே அதிகாரம் கொடுத்தது. மாதாமாதம் செய்தே தீரவேண்டிய சோதனையை விட நிரந்தரமான வேலை வேறு எது?

நிர்வாகத் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. எதற்கெடுத்தாலும் சோதனை, சோதனை என்றால் யந்திரமே தேய்ந்துவிடும் என்கிறார்கள். அவசர டீசல் யந்திரங்களைக் குளிர்ந்த நிலையிலிருந்து அடிக்கடி ஒரேயடியாக முழு வேகத்துக்கு ஓட்டிப் பார்த்ததில் அவையே பழுதாயின என்பது அமெரிக்க அனுபவம். 1984இல் அந்த முறையைத் தளர்த்தினார்கள். சரி, ஏற்றுக்கொள்கிறோம். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை எஞ்சினியர்கள் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அது சங்கம் தீர்மானிக்கிற விஷயமல்ல. ஆனால் மெகாவாட் இலக்கு குறைகிறதே என்ற கவலையில் தேதியைத் தள்ளிப்போடுவது எஞ்சினியரிங் ஆகாது.

சோதனை ஒழுங்காக நடந்தால் என்ன பயன் என்பதற்குக் கூடங்குளமே சாட்சி. முதல் உலை ஓடத் தொடங்கும் முன்பு, 2013 ஏப்ரலில், அவசரக் குளிர்விப்பு ஏற்பாட்டில் ஒரே வகையைச் சேர்ந்த நான்கு வால்வுகள் சரியாக இயங்கவில்லை என்று சோதனையில் தெரிந்தது. வாரியமே அதை வெளியில் சொன்னது. உறுப்புகளை மாற்றச் சொன்னார்கள். மாற்றிய பின்பே மேற்கொண்டு அனுமதி. யாரோ ஒருவர் அந்த நான்கு வால்வுகளுக்கு எதிரே 'சரியில்லை' என்று எழுதினார். மேலே இருந்தவர்கள் அதை அடிக்கச் சொல்லவில்லை. இதைப் பாராட்டத்தான் வேண்டும். உலை எப்போது ஓடும் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் செய்ததை, யாரும் பார்க்காத நேரத்திலும் செய்கிறார்களா என்பதே நம் கேள்வி.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தனியார் கம்பெனிகளுக்கும் இந்தத் துறையைத் திறந்துவிட்டிருக்கிறது. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டப்படியான அந்தஸ்தும் கொடுத்திருக்கிறது. 1983இல் வாரியம் அமைந்த நாளிலிருந்து கேட்டுவந்த அந்தஸ்து அது, வரவேற்கிறோம். ஆனால் அதே கையால் முதலாளியையும் உள்ளே அழைத்திருக்கிறார்கள். அரசு நிறுவனத்திலேயே வாய் திறந்தவருக்கு இடமாற்றம் என்றால், லாபக் கணக்குப் பார்க்கிற கம்பெனியில் வாய் திறப்பவருக்கு என்ன கிடைக்கும்?

ஆகவே நம் சங்கம் கேட்கவேண்டியது இதுதான். அவசரப் பம்பு, வால்வுச் சோதனையில் கையெழுத்திடுகிறவர் நிரந்தர ஊழியராக இருக்கவேண்டும். சோதனைக்குப் பின் வால்வு பழைய நிலையில் இருக்கிறதா என்று பார்க்க, சோதனை செய்தவரல்லாத இன்னொருவர் நேரில் போகவேண்டும். விளக்கைப் பார்த்துவிட்டு எழுதக்கூடாது. 'சரியில்லை' என்று எழுதியவரை அந்தக் காரணத்துக்காக இடம் மாற்றவோ நிறுத்தவோ கூடாது என்பது விதியாக வேண்டும். அது காண்டிராக்டருடைய ஆளுக்கும் பொருந்தவேண்டும். வாரியம் முக்கிய நிகழ்ச்சிகளைத் தன் ஆண்டறிக்கையில் வெளியிடுகிறது. அத்தோடு நிற்காமல், ஒவ்வொரு நிலையத்திலும் அந்தந்தக் காலாண்டில் எத்தனை சோதனை நடந்தது, எத்தனை தோற்றது, எத்தனை தள்ளிப்போடப்பட்டது என்ற எண்ணிக்கையை உள்ளூர் மொழியில் சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகளில் ஒட்டவேண்டும். இதில் பகைவனுக்குப் பயன்படுகிற ரகசியம் ஒன்றுமில்லை.

டிராம்பேயும் தாராப்பூரும் நமக்குத் தூரமில்லை. செம்பூர்க் கிளைத் தோழர்கள் வீட்டு வாசலிலிருந்து டிராம்பே மலை தெரிகிறது. 1969 முதல் மின்சாரம் கொடுத்துவந்த தாராப்பூருக்குப் போக போய்சர் ஸ்டேஷனில் இறங்கவேண்டும். அங்கே இறங்குகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிலையத்தின் உள் விவரம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள், வேலைக்கு முன் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள், நீங்கள் செய்த வேலைக்கு ரிஜிஸ்டரில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், உங்கள் கதிர்வீச்சு அளவை உங்களிடம் சொல்கிறார்களா. இந்த நான்கையும் ஒரு கார்டில் எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள். பெயர் போடவேண்டியதில்லை.